பொறுப்பை விற்க இயலுமா?

ஒரு மனிதரைப் பிறர் முன்னிலையில் அமர்த்தி, அவர் வாழ்ந்த வாழ்வுக்கும் செய்த செயலுக்கும் அவர் வாயாலேயே விடை சொல்ல வைப்பது, தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே சமயங்களின் கையில் இருந்த செயலாகும். பௌத்தத் துறவியர் தம் ஒழுக்க விதிகள் ஓதப்படும் உபோசத நாளில் தவறியதைச் சக துறவியரிடம் ஒப்புக்கொண்டனர். சமணர் தம் அன்றாடப் பிழைகளை எண்ணிப்பார்த்து அவற்றிலிருந்து திரும்பும் பிரதிக்கிரமணம் என்னும் நோன்பைக் கடைப்பிடித்தனர். கத்தோலிக்கர் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைத் திருவருட்சாதனங்களுள் ஒன்றாக வைத்தனர். யார் கேட்பது, எந்த அதிகாரத்தால் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்பவற்றில் இவை வேறுபட்டாலும், கேட்கப்பட்ட மனிதர் கேட்கப்படுமுன் இருந்த நிலையிலேயே எழுந்து செல்லமாட்டார் என்ற நம்பிக்கை இவை அனைத்துக்கும் பொதுவாக இருந்தது. 1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி புகழ்பெற்றவர்களை நாற்காலியில் அமர்த்தி வினவத் தொடங்கியபோது இந்தப் பழைய செயலின் வடிவத்தைத் தனதாக்கிக்கொண்டது. அதனோடு எவை வந்தன, எவை விடுபட்டன என்ற கேள்வி ஊடக வரலாற்றாளருக்கு மட்டும் உரியதன்று. பொறுப்பு என்பது என்ன, அதை யார் முன் ஏற்பது என்ற அறவியல் கேள்வியின் நடுவே அது நிற்கிறது. அந்தத் தொடக்க கால நாற்காலிகளுள் மிகவும் பேசப்பட்ட ஒன்றில் அமர்ந்தவர் இலங்கையில் பிறந்த, சவுந்தரநாயகம் என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் என்பதும், அவர் அங்கே சொன்ன வாதம் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாம் போன்ற ஒரு பள்ளத்தாக்கின் மக்களுக்கு இன்றும் நேர்ப்பொருள் உடையது என்பதும் இக்கேள்வியைத் தமிழில் எழுப்புவதற்குப் போதிய காரணங்களாகும்.

1959 பிப்ரவரியில் பி.பி.சி. தொடங்கிய 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்ற நிகழ்ச்சி இவ்வகைக்கு முன்னோடி. ஹியூ பர்னெட் தயாரித்த அதில் வினவியவர் ஜான் ஃப்ரீமன். தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்து, பிறகு இதழியலுக்கு வந்து, 1965-இல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் தூதராகவும் பணியாற்றியவர். அந்நிகழ்ச்சியின் காட்சியமைப்பிலேயே ஒரு தத்துவம் பொதிந்திருந்தது. வினவுபவரின் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. அவருடைய முதுகோ தோளோ இருளில் கிடக்க, படக்கருவி விருந்தினரின் முகத்தை நெருங்கி நெருங்கிச் சென்று, கண்ணிமைப்பையும் உதட்டு அசைவையும்கூட விட்டுவைக்காமல் காட்டியது. கேட்பவர் மறைந்திருக்கச் சொல்பவர் வெளிப்படும் இந்த அமைப்பு, 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ வகுத்துப் பரப்பிய பாவசங்கீர்த்தனக் கூண்டை நினைவூட்டுகிறது. ஆயினும் முக்கியமான ஒரு தலைகீழ் மாற்றம் இதில் நிகழ்ந்திருந்தது. கூண்டு, சொல்பவரின் முகத்தைக் கேட்பவரிடமிருந்தே மறைத்து அவருடைய நாணத்தைக் காத்தது. ஒளியரங்கமோ சொல்பவரின் முகத்தைப் பல இலட்சம் பேருக்குத் திறந்துவிட்டு, கேட்பவரை மட்டும் காத்தது.

இம்மாற்றத்தின் விலையை முதலில் செலுத்தியவர்களுள் ஒருவர் கில்பர்ட் ஹார்டிங். 'வாட்ஸ் மை லைன்?' என்ற வினாடி வினா நிகழ்ச்சியில் தம் சிடுசிடுப்பினாலேயே நாடறிந்தவரான அவர், கத்தோலிக்க நெறியைத் தாமே தேர்ந்து தழுவியவர். 1960-இல் ஃப்ரீமன் அவரிடம் மரணத்தறுவாயில் இருந்த ஒருவரின் அருகே இருந்திருக்கிறாரா என்று கேட்க, தம் தாயின் முடிவை நினைத்த ஹார்டிங்கின் குரல் உடைந்தது, கண்கள் கலங்கின. அந்தத் தாயின் இறப்பைப் பற்றித் தாம் அறிந்திருக்கவில்லை என்று ஃப்ரீமன் பின்னர் விளக்கினார். அதே ஆண்டு நவம்பரில் ஹார்டிங் பி.பி.சி. கட்டடத்தின் வாயிலில் விழுந்து இறந்தார். கேள்விக்கும் இறப்புக்கும் காரணகாரியத் தொடர்பு கற்பிப்பது முறையன்று. ஆனால் அந்தக் கண்ணீருக்கு அரங்கத்தில் எந்த மறுமொழியும் இல்லை என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. ஒரு குருவோ ஒரு நண்பரோ ஒரு மருத்துவரோ அந்த இடத்தில் இருந்திருந்தால், கண்ணீர் அவர்கள் மேல் ஒரு கடமையைச் சுமத்தியிருக்கும். அரங்கத்தில் அது அடுத்த கேள்விக்கு இடம்விட்டது, அவ்வளவே. முந்தைய ஆண்டு இதே நிகழ்ச்சியில் உளவியலாளர் கார்ல் யுங்கிடம் கடவுளை நம்புகிறாரா என்று கேட்கப்பட்டபோது, நம்பத் தேவையில்லை, அறிவேன் என்ற பொருளில் அவர் விடையளித்ததும், அதன் பொருளை விளக்கப் பிறகு அவருக்கு நெடுநாள் பிடித்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஆழ்ந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவரும் ஆற்றல் அந்த நாற்காலிக்கு இருந்தது. வெளிவந்த சொல்லை ஏந்திக்கொள்ளும் கை அதற்கு இல்லை.

1964-இல் ஈமன் ஆண்ட்ரூஸ் அமெரிக்க இரவு நிகழ்ச்சிகளின் முறையைத் தழுவித் தொடங்கியதும், 1967-இல் சைமன் டீ நடத்தியதும், 1971-இல் மைக்கேல் பார்க்கின்சன் நிலைநிறுத்தியதும் பெரிதும் கேளிக்கை உரையாடல்கள்; நடிகரும் விளையாட்டு வீரரும் தம் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்த அவற்றால் அறவியல் சிக்கல் அதிகம் எழவில்லை. அச்சிக்கல் முழு உருவில் எழுந்தது டேவிட் ஃப்ராஸ்டின் அரங்கத்தில்.

ஃப்ராஸ்ட் மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகன். கேம்பிரிட்ஜ் செல்லுமுன் தாமும் அச்சபையின் மேடைகளில் பிரசங்கம் செய்தவர். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி உருவாக்கிய மெதடிஸ்ட் இயக்கம், குருவிடம் தனியே பாவம் சொல்லும் முறைக்கு மாற்றாக, சிலர் மட்டும் சேர்ந்த சிறு குழுக்களை அமைத்தது. அவர்கள் வாரந்தோறும் கூடி, சென்ற கூட்டத்துக்குப் பின் செய்த பாவம் என்ன என்று ஒருவரையொருவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அக்குழுவில் கேட்பவரும் மறுகணம் கேட்கப்படுபவர் ஆவார் என்பதுதான் அதன் அறம். பிறரைக் கேட்கும் உரிமை, தன்னைக் கேட்கவிடும் கடமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்த மரபில் வளர்ந்த ஒருவர், தம்மை எவரும் கேட்காத இடத்தில் அமர்ந்து பிறரைக் கேட்கும் தொழிலை மேற்கொண்டது, 20-ஆம் நூற்றாண்டுச் சமய வாழ்வில் நிகழ்ந்த பெயர்ச்சிகளுள் சிறியதன்று.

1967 பிப்ரவரி 3 அன்று ஃப்ராஸ்டின் முன் அமர்ந்தவர் எமில் சவுந்த்ரா. சவுந்தரநாயகம் என்ற அவருடைய குடும்பப் பெயரின் சுருக்கம் அது. 1923-இல் இலங்கையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஐரோப்பாவில் பெரும் வணிகராகத் தம்மைக் காட்டிக்கொண்டு, பெல்ஜியத்தில் அரிசி வணிக மோசடி ஒன்றுக்காகத் தண்டனையும் பெற்றவர். 1963-இல் அவர் இலண்டனில் தொடங்கிய ஃபயர், ஆட்டோ அண்ட் மெரைன் என்ற காப்புறுதி நிறுவனம், மற்ற நிறுவனங்களைக் காட்டிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் வாகனக் காப்புறுதி அளித்தது. பிரிட்டனில் 1930 முதலே வாகனக் காப்புறுதி கட்டாயம் என்பதால், வசதி குறைந்தவர்கள் அதை நாடிச் சென்றனர். 1966-இல் நிறுவனம் சரிந்தபோது ஏறத்தாழ 4,00,000 வாகன உரிமையாளர்கள் காப்பின்றி விடப்பட்டனர். சரிவுக்குச் சற்று முன்பே சவுந்த்ரா தம் பங்குகளை விற்றுவிட்டு விலகியிருந்தார்.

ஃப்ராஸ்டின் அரங்கில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தவர்களுள் அந்நிறுவனத்தால் இழப்புக்கு உள்ளானவர்களும், விபத்தில் கணவரை இழந்து ஈட்டுத்தொகை கிடைக்காத பெண்களும் இருந்தனர். சவுந்த்ரா யாராலும் இழுத்து வரப்படவில்லை. தாமே விரும்பி வந்தார். இங்கிலாந்தின் சிறந்த வாள்வீரரோடு பொருத வந்திருப்பதாகவும், குடியானவர்களோடு பொருத வரவில்லை என்றும் அவர் சொன்னது, பாதிக்கப்பட்டவர்களை அவர் எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பதைக் காட்டிற்று. அந்த இறுமாப்பைவிடவும் ஆழமானது அவர் முன்வைத்த வாதம். நிறுவனத்தை விற்றுவிட்டதால் தமக்குச் சட்டப் பொறுப்பும் இல்லை, அறப் பொறுப்பும் இல்லை என்பதே அது. ஃப்ராஸ்ட் சினத்தோடு மறுத்தார். நிகழ்ச்சியின் முடிவில் விருந்தினருக்குரிய மரியாதை எதையும் செய்யாமல் அகன்றார். சில நாட்களில் சவுந்த்ரா கைது செய்யப்பட்டார். 1968-இல் அவருக்கு எட்டு ஆண்டுச் சிறையும் 50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. 1974-இல் விடுதலையாகி, 1976-இல் இறந்தார்.

அவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லாததால் அவருடைய வாதத்தையும் மோசடியின் ஒரு பகுதியாகத் தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு தள்ளுவது தவறு. ஏனெனில் நேர்மையானவர்கள் பலரும் நாள்தோறும் இதே வாதத்தைச் சொல்லாமலே அதன்படி வாழ்கின்றனர். சட்டப் பொறுப்பு என்பது ஒரு பதவியோடும் ஒப்பந்தத்தோடும் உடைமையோடும் கட்டப்பட்டது; பதவி கைமாறினால், பங்கு விற்கப்பட்டால், ஒப்பந்தம் முடிந்தால், அதுவும் கைமாறலாம் அல்லது முடியலாம். நவீன வணிகமே இந்தக் கைமாறும் தன்மையின்மேல் எழுப்பப்பட்டது. வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனம் என்ற சட்ட வடிவம், முதலிட்ட தொகைக்கு மேல் பங்குதாரரைக் கேட்க இயலாது என்ற வாக்குறுதிதான். அறப் பொறுப்பு அத்தகையதன்று. அது செயலைச் செய்தவரோடு ஒட்டிக்கொண்டது; பங்கை வாங்கியவர் வருங்கால இலாபத்தை வாங்கலாம், விற்றவர் நேற்றுச் செய்ததை வாங்க இயலாது.

சவுந்த்ரா பிறந்த சமயமே இதை அவருக்குத் தெளிவாகக் கற்பித்திருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொல்வது ஒரு பகுதி மட்டுமே. அதற்கு முன் உண்மையான மனத்துயரும், பின் பரிகாரமும் வேண்டும். களவும் வஞ்சனையும் ஆகிய பாவங்களில், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை மன்னிப்போடு பிரிக்க முடியாதபடி இணைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் மரபில் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் விரித்துச் சொன்ன மனுநீதிச் சோழன் வரலாறு இதே கருத்தை இன்னும் கடுமையாக எடுத்துரைக்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை இழுத்ததும் எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது அமைச்சர்கள் சொன்ன யோசனை. பசுக்கொலைக்கு நூல்கள் விதித்த கழுவாய், அதாவது சடங்கு வழியான பரிகாரம், இருக்கிறது. அதைச் செய்துவிட்டால் போதும் என்றனர் அவர்கள். சட்டப்படி அது சரியான யோசனைதான். தன் கன்றை இழந்து நிற்கும் பசுவுக்கு அந்தச் சடங்கு என்ன மறுமொழி தரும் என்பதே அரசனின் எதிர்க்கேள்வி. பிறகு அவன் தண்டனையை நிறைவேற்றும் பணியை ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கிறான். அமைச்சர் அதைச் செய்யமாட்டாமல் தம் உயிரையே விடுகிறார். அதன்பின் அரசன் தானே தேரைச் செலுத்துகிறான். தந்தை மகனைக் கொல்லத் துணிவதை இன்றைய மனம் ஏற்க மறுப்பது இயல்பே. எனினும் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு ஒப்படைத்தவரிடமே திரும்பி வருகிறது என்ற கதையின் உள்ளமைப்பு, சவுந்த்ராவின் வாதத்துக்கு நேர் எதிரானது.

ஆகவே ஃப்ராஸ்ட் கேட்ட கேள்வி சரியானது. அதைக் கேட்ட இடம் சரியானதா என்பது வேறு. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் தண்டனையை உறுதி செய்தபோதே, நாகரிகச் சமூகம் பொறுத்துக்கொள்ளத் தகாதது தொலைக்காட்சி வழி விசாரணை என்று கண்டித்தனர். அந்நிகழ்ச்சிக்கும் வழக்கு விசாரணைக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருந்ததால் நடுவர் குழு பாதிக்கப்படவில்லை என்றே தண்டனை நின்றது. நீதிமன்றத்தின் கவலை, தீர்ப்புக்கு முன் தீர்ப்பு கூறப்படுகிறது என்பது. சமய நோக்கில் பார்த்தால் குறை இன்னொன்று, அதைவிடப் பெரியது: அரங்கத்தால் தண்டிக்க இயலும், விடுவிக்க இயலாது. ஒரு வாதத்துக்காக, அந்த இரவில் சவுந்த்ரா மனமுடைந்து, எல்லாம் தம் குற்றமே என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். மன்னிப்பு அளிக்கும் உரிமை ஃப்ராஸ்டுக்கு இல்லை. கைவிடப்பட்ட பெண்களுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் அவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்தனர், நேரமும் ஒலிவாங்கியும் வேறொருவர் கையில் இருந்தன. வீட்டில் அமர்ந்து பார்த்தவர்களோ அந்த மன்னிப்பையும் ஒரு நடிப்பாகவே எடைபோட்டிருப்பர். அவர்களுக்கு அவரை நம்பவேண்டிய கடமையும் இல்லை, நம்புவதற்கான நீண்ட பழக்கமும் இல்லை. மனத்துயரையும் நடிப்பையும் பிரித்தறிய முடியாத ஓர் இடத்தில் மனத்துயர் பயனற்றதாகிவிடுகிறது; அவ்விடத்துக்கு வருபவர் வாள்வீரராக வருவதே இயல்பு என்றாகிவிடுகிறது. சவுந்த்ராவின் இறுமாப்பு அவருடைய குணம் மட்டுமன்று. அந்த நாற்காலி அழைத்த குணமும் அதுவே.

இதற்கு நேர்மாறான ஓர் அமைப்பை மலாயாவின் தோட்டத் தமிழர் தம்மோடு கொண்டுவந்திருந்தனர். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தல் என்பது அதன் பெயர். மாரியம்மன் அல்லது முனியாண்டி சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, குற்றம் சாட்டப்பட்டவர் தாம் செய்யவில்லை என்று சொல்லி எரியும் சுடரைக் கையால் அடித்து அணைப்பார்; பொய்யானால் தெய்வம் பார்த்துக்கொள்ளும். இந்திய நீதிமன்றங்களும் ஒரு காலத்தில் இதை மதித்தன: 1873-ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டம், வழக்கின் ஒரு தரப்பார் மறுதரப்பாரை அவர் நம்பிக்கைக்கேற்ற சிறப்புச் சத்தியத்துக்கு அழைக்கவும், அவ்வாறு செய்யப்பட்ட சத்தியத்தை முடிவான சான்றாகக் கொள்ளவும் இடமளித்தது, 1969-இல் வந்த புதிய சட்டம் அதைக் கைவிட்டது. அறிவியல் மனத்துக்கு இது மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதன் கட்டமைப்பில் ஆழ்ந்த சமூக ஞானம் உண்டு. கேள்வி ஒன்றே, விடையும் ஒன்றே. முகத்தை யாரும் துருவிப் படிப்பதில்லை, ஏனெனில் உண்மையை அறியும் வேலை மனிதருக்கு ஒப்படைக்கப்படவில்லை. சுடர் அணைந்ததும் வழக்கு முடிந்தது. அதன்பிறகும் பழி பேசுபவரே ஊரின் குற்றவாளியாவார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, மறுநாள் விடிந்தால் ஒரே நிரையில் கொழுந்து எடுக்கப் போகவேண்டிய மக்களுக்கு, உண்மையைக் கண்டுபிடிப்பதைவிடவும் சேர்ந்து வாழ்வதற்கான வழி திறந்திருப்பது முதன்மையாக இருந்தது. சத்தியம் செய்வித்தவருக்கு அதனால் புகழோ வருவாயோ இல்லை என்பதும் சிறிய வேறுபாடன்று.

ஆயினும் இம்மரபைப் போற்றும்போது அதன் பெரும் அநீதியை மறைப்பது நேர்மையாகாது. கேமரன் மலையில் 1920-களின் இறுதியிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோதும், அதற்கு முன்பே சமவெளியின் ரப்பர் தோட்டங்களிலும், சூடத்தின் முன் நிறுத்தப்பட்டவர் தொழிலாளி. கூலி ஏன் குறைந்தது, லயத்துக்கு ஏன் நல்ல தண்ணீர் இல்லை, காய்ச்சலில் கிடந்தவருக்கு ஏன் அன்றைய கூலிக்கான பேர் போடவில்லை என்ற கேள்விகளுக்காகத் தோட்ட மேலாளரான துரை சந்நிதியில் நின்று சுடரை அணைத்ததில்லை. தோட்டக் கணக்கரான கிராணியும் அரிதாகவே நின்றிருப்பார். தெய்வத்தின் சாட்சி மேலிருந்து கீழே மட்டும் பார்த்தது. இந்த இடத்தில்தான் பிரிட்டிஷ் அரங்கத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்தாகவேண்டும். எத்தனை குறை இருந்தாலும், அமைச்சரையும் பெருவணிகரையும் பேராயரையும் சாதாரண மக்கள் பார்க்கும்படி அமர்த்தி, நீர் செய்ததற்கு விடை என்ன என்று கேட்கும் வழக்கத்தை அது உண்டாக்கிற்று. அதுவரை பிரிட்டிஷ் ஒலிபரப்பில் அமைச்சர்களிடம் கேள்விகள் பணிவோடு, பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுக் கேட்கப்பட்டன. துரைமாரின் நாட்டிலேயே துரைமாரைக் கேட்கும் நாற்காலி ஒன்று வந்தது என்பதைத் தோட்ட மக்களின் வழிவந்தவர்கள் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் அந்த நாற்காலிக்கு ஒரு முகம் தேவை. சவுந்த்ரா ஒருவர் என்பதால் அவரை அமர்த்த முடிந்தது. முகமற்ற பொறுப்பை அது எங்கே அமர்த்தும்? லெம்பா பெர்த்தாமின் அண்மை வரலாறு இக்கேள்வியைக் கோட்பாட்டு நிலையில் விட்டுவைக்கவில்லை. பெர்த்தாம் ஆற்றை ரிங்லெட்டில் மறித்துக் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை, 1960-களில் நிறைவேறிய கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் பகுதி. அதன் கீழ்ப்புறத்தில் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளும் காய்கறித் தோட்டங்களும் அமைந்துள்ளன. 2013 அக்டோபர் 23 அன்று விடியுமுன், பெருமழையால் நிரம்பிய அணையின் பாதுகாப்புக் கருதி நீர் திறந்துவிடப்பட, இருளில் உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது, வீடுகளும் வாகனங்களும் அடித்துச்செல்லப்பட்டன, உயிர்கள் பறிபோயின.

இந்தத் துயரின் பொறுப்பைத் தேடிச் செல்பவர் ஒரு நீண்ட படிக்கட்டில் இறங்கவேண்டியிருக்கும். அணையைத் திறந்தவர் விதிகளின்படி திறந்தார்; திறக்காவிட்டால் அணையே ஆபத்துக்கு உள்ளாகியிருக்கலாம். நீர்த்தேக்கம் விரைவில் நிரம்பியதற்கு அதன் அடியில் படிந்த வண்டல் ஒரு காரணம்; வண்டல் இறங்கியதற்கு மேல்நிலச் சரிவுகளில் காடு அழித்துத் திறக்கப்பட்ட நிலங்கள் காரணம்; நிலம் திறந்தவருக்கு அனுமதியோ, அனுமதியின்மையைக் கண்டுகொள்ளாத ஓர் அலுவலகமோ இருந்தது; அந்த நிலத்தில் விளைந்த முட்டைக்கோசையும் தக்காளியையும் மலிவாக வாங்கித் தின்றவர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தனர். ஆற்றோரத்தில் வீடு கட்டியவரையும்கூடக் குற்றம் சொன்னவர்கள் இருந்தனர். ஒவ்வொரு படியிலும் நிற்பவர் பக்கத்துப் படியைக் காட்டுவார். அவர் காட்டுவது பொய்யும் அன்று. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் நவீன நிர்வாகத்தை யாரும் ஆளாத ஆட்சி என்று விவரித்ததும், எல்லோரும் குற்றவாளிகள் என்று சொல்வது யாரும் குற்றவாளி இல்லை என்று சொல்வதற்குச் சமம் என எச்சரித்ததும் இத்தகைய நிலையைக் கருதியே. சவுந்த்ரா பொறுப்பை விற்றுத் தொலைக்கப் பார்த்தார். இங்கே விற்பனை எதுவும் நடக்காமலே, பகிர்ந்து பகிர்ந்து பொறுப்பு காணாமற்போகிறது.

ஆரெண்ட் குற்றத்தையும் பொறுப்பையும் பிரித்துக்காட்டினார்: குற்றம் செய்தவருக்கு மட்டுமே உரியது; பொறுப்போ, ஒரு சமூகத்தின் உறுப்பினராக இருப்பதாலேயே, தாம் செய்யாததற்கும் ஒருவரை வந்தடையலாம். இப்பிரிவினை லெம்பா பெர்த்தாமுக்குப் பயன்படும். குற்றவாளியைத் தேடும் நாற்காலி அங்கே வெறுமையாகவே இருக்கும், அல்லது பலவீனமான யாரோ ஒருவரை, அனேகமாக ஆற்றோரக் குடிசைவாசியையோ அயல்நாட்டுத் தொழிலாளியையோ, அதில் பிடித்து அமர்த்திவிடும். பொறுப்பைத் தேடும் கேள்வியோ படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் நிற்பவரிடம் தனித்தனியே கேட்கப்படலாம்; ஒருவர் ஏற்பதால் மற்றவரின் பங்கு குறைந்துவிடாது. கத்தோலிக்கப் பரிகாரமும் மனுநீதிச் சோழன் கேட்ட எதிர்க்கேள்வியும் இங்கே மீண்டும் பொருந்துகின்றன: இழந்தவருக்கு இது என்ன தருகிறது என்பதே விடையின் அளவுகோல். ஊடகத்துக்கு முன் ஓர் அதிகாரி தலைகுனிவது அந்த அளவுகோலில் மிகச் சிறிய எடையே பெறும்.

பாவசங்கீர்த்தனமும் தொலைக்காட்சிப் பேட்டியும் நீதிமன்றமும் செயல் முடிந்தபின் கேட்பவை. ஹார்டிங்கின் தாயும் விபத்தில் இறந்த கணவன்மாரும் வெள்ளத்தில் போனவர்களும் அந்தக் கேள்விகளுக்கு எட்டாதவர்கள். சத்தியத்துக்கு மட்டும் இன்னொரு திசையும் உண்டு. நடந்ததைப் பற்றிச் செய்யப்படும் சத்தியம் போலவே, இனிச் செய்யப்போவதைப் பற்றிய சத்தியமும் தோட்டத்து வழக்கில் உண்டு. குடியை விட்டேன் என்று சூடம் அணைத்தவரை அத்தனை லயமும் அறிந்திருக்கும், அவர் கால் தடுமாறினால் கேட்கும் உரிமை அத்தனை பேருக்கும் இருக்கும். கேமரன் மலையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேல்நிலத்திலிருந்து வண்டல் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது; நிலம் திறப்பதற்கான கோரிக்கைகளும் நின்றுவிடவில்லை. அணை இயக்குபவரும், நிலம் கேட்பவரும், அனுமதி அளிப்பவரும், எந்த மழை அளவில் எத்தனை மணி நேரத்துக்கு முன் யாருக்கு எச்சரிக்கை தருவர், தவறினால் எதை இழப்பர் என்பதைக் கையெழுத்திடுமுன்னரே, பள்ளத்தாக்கின் மக்கள் கூடியிருக்க, அவர்களுக்குப் புரியும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் சொல்லவேண்டும். கேட்பவர் அந்த ஆற்றின் கீழ்க்கரையில் இரவு உறங்குபவராக இருக்கவேண்டும்.